நோயாளி திரும்ப வந்து அட்மிட் ஆனால் அமெரிக்காவில் மருத்துவமனைக்கு அபராதமா?

ஆமாம், உண்மைதான். ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று போடுவதில்லை. 2010-ல் ஒபாமா கொண்டுவந்த சட்டத்தின்படி 2012 அக்டோபரில் தொடங்கியது. மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, நிமோனியா என்று ஆரம்பித்து, அப்புறம் மூட்டு மாற்று, பைபாஸ் எல்லாம் சேர்ந்தன. டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் முன்கூட்டித் திட்டமிடாமல் மறுபடி அட்மிட் ஆனால் கணக்கில் ஏறும், வேறு மருத்துவமனையில் போய்ப் படுத்தாலும் சரி, முதலில் அனுப்பியவர்கள் கணக்குதான். எதிர்பார்க்கும் அளவைத் தாண்டினால், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் அந்த ஆண்டு தரும் அடிப்படைத் தொகையில் 3% வரை வெட்டு விழும்.

எதற்கு இது? இதயச் செயலிழப்பு உள்ள ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். நீர் பிரிய மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள், பழைய மாத்திரையை நிறுத்தணுமா என்று யாரும் சொல்லவில்லை, வீட்டில் டின் சூப், அதில் அத்தனை உப்பு. நாலு நாளில் கால் வீங்கும், ராத்திரி படுத்தால் மூச்சு முட்டும், மறுபடி எமர்ஜென்சி. மூன்றாம் நாள் ஒரு நர்ஸ் போன் செய்து "இன்னைக்கு எடை எவ்வளவு?" என்று கேட்டிருந்தாலே, உடம்பில் நீர் சேர்ந்து எடை ஏறுவதைப் பிடித்திருக்கலாம்.

ஆனால் ஏழைகள் அதிகம் வரும் மருத்துவமனைகள்தான் அதிகம் அடிவாங்கின, இது எனக்கு அநியாயமாகவே பட்டது. மருந்து வாங்கக் காசில்லாதவர் திரும்பி வருவது டாக்டர் தவறா? 2016-ல் சட்டம் திருத்தி, 2018 அக்டோபரிலிருந்து ஏழை நோயாளிகள் ஏறக்குறைய அதே அளவில் உள்ள மருத்துவமனைகளோடுதான் ஒப்பிடுகிறார்கள்.