ஒரு வாளிக்காக வந்த சண்டை

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

மண்டபத்துக்குப் பக்கத்து மீனவ ஊர் எனக்கு. கணவர் மிஷனரி. கல்யாணமான இரண்டாம் வருஷம் தான்சானியா போனோம். விக்டோரியா ஏரிக்கரையில், முவான்ஸாவுக்கு அப்பால் ஒரு கிராமம். பதினாறு வருஷம் ஓடிவிட்டது. அங்குள்ள சபை இனித் தானே நடத்திக்கொள்ளும் என்று எங்களைத் திரும்ப அழைத்துவிட்டார்கள். ஜூன் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பள்ளிக்கூடமும் வாடகை வீடும் பார்ப்பதற்காக நான் மட்டும் இரண்டு வாரம் ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

பார்க்கிறவர்கள் எல்லாரும், "ஒரு வழியா வீட்டுக்கு வரப் போறீக" என்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கின்றன. நாட்டுப்படகில் வந்த நெத்திலியை அம்மா நேற்று மணலில் பழைய வலையை விரித்துக் காயப்போட்டார். எங்கள் ஏரியில் டகா என்று ஒரு பொடிமீன் உண்டு. நிலா இல்லாத ராத்திரிகளில் விளக்கு வைத்துப் பிடித்து, விடிந்ததும் இதே மாதிரி மணலில் பரப்புவார்கள். போன புதிதில் அந்த வாடையை முகர்ந்து மண்டபத்தை நினைத்து அழுவேன். நேற்று மண்டபத்தில் நின்றுகொண்டு ஏரியை நினைத்து அழுதேன். "கருவாட்டு வாடைக்கா அழுவுறவ?" என்று அம்மா கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

போன மாதம் அலுவலகத்திலிருந்து ஒருவர் பட்டியலோடு வந்து சாமான்களைச் சரிபார்த்தார். கரண்டி, கொசுவலை வரைக்கும் எண்ணி, மிஷன் சொத்து எது, எங்களுடையது எது என்று சாக்பீஸில் குறி போட்டார். கொல்லையில் நான் வைத்த கறிவேப்பிலை கூரையைத் தாண்டி நிற்கிறது. முவான்ஸாவில் குஜராத்திக் கடைக்காரம்மா கொடுத்த கன்று. அது எந்தப் பட்டியலிலும் இல்லை. இங்கேயும் எங்களுக்கென்று ஒரு செங்கல் கிடையாது.

கணவரிடம் சொன்னால், "நிலையான நகரம் நமக்கு இங்கே இல்லை" என்று வசனம் சொல்கிறார். மகளுக்குப் பதினாலு வயது, பிறந்தது அங்கேதான். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டத் தெரியாது. "நீங்க ஊருக்குப் போறீங்க, நான் ஊரை விட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் இரண்டு நாள் பேசவில்லை.

அங்கே அம்மாவை 'மாமா' என்பார்கள் (இங்கே சொன்னால் சிரிப்பார்கள்). மகள் பெயரைச் சேர்த்து 'மாமா' போட்டுத்தான் என்னை ஊரே கூப்பிடும். பெண்களுக்குத் தையல் சொல்லிக் கொடுத்தேன். இங்கே வந்தால் நான் யார்? இதற்கு நடுவே, பதினாறு வருஷம் பழகிய பக்கத்து வீட்டு அக்காவோடு, இரவல் வாங்கிய வாளியைத் திருப்பித் தரவில்லை என்று சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதை விடுங்கள்.

ஊழியத்துக்கு வந்தவள் ஒரு வாடகையில்லா வீட்டுக்காக அழுவது விசுவாசக் குறைவுதானே?

பெயர் வேண்டாம்,
மண்டபம் பக்கம்.

*

அன்புச் சகோதரிக்கு,

'அதை விடுங்கள்' என்கிறீர்கள். நான் அந்த வாளியிலிருந்துதான் தொடங்கப் போகிறேன்.

பதினாறு வருஷத்தில் எத்தனை வாளி, எத்தனை உழக்குச் சீனி கை மாறியிருக்கும்? அப்போதெல்லாம் வராத சண்டை, கிளம்ப ஏழெட்டு வாரம் இருக்கும்போது ஏன் வந்தது? பிரியப் போகிறவர்கள் இப்படிச் சண்டை போடுவது ரொம்பச் சாதாரணம். பிரியமான ஒருத்தியை விட்டு வருவதைவிட, பிடிக்காத ஒருத்தியை விட்டு வருவது சுலபம். அதனால் மனசு அவசர அவசரமாக அவரைப் பிடிக்காதவராக்கப் பார்க்கிறது. உடம்பு புறப்படுவதற்கு முன்பே மனசு புறப்பட்டுவிடுகிறது.

மிஷனரிப் பிள்ளைகளோடு நெடுங்காலம் பழகிய டேவிட் போலக் என்ற அமெரிக்கர், ஓர் ஊரை விட்டுக் கிளம்புகிறவர்கள் செய்ய வேண்டியவை நான்கு என்றார். மனஸ்தாபங்களைத் தீர்ப்பது, நன்றியை வாய்விட்டுச் சொல்வது, விடைபெறுவது, போகிற இடத்தைக் கண்திறந்து பார்ப்பது. ஆங்கிலத்தில் நான்கின் முதலெழுத்தையும் சேர்த்தால் 'தெப்பம்' என்று பொருள்படும் சொல் வரும். கடற்கரைக்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை: ஒரு கட்டை கழன்றாலும் மற்றவை சேர்ந்து மிதக்காது. நீங்கள் நாலாவதைச் செய்ய இங்கே வந்துவிட்டீர்கள். முதல் கட்டை அங்கே வாளியோடு கிடக்கிறது.

விசுவாசக் குறைவா என்று கேட்டீர்கள். அந்த வசனம் வருகிற எபிரெயர் நிருபம் உங்கள் கணவருக்கு நினைவிருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரத்தையும் புரட்டச் சொல்லுங்கள். எபேசு சபை மூப்பர்கள் பவுலின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது, கப்பல் வரைக்கும் கூடவே போய் வழியனுப்புகிறார்கள். யாரும் யாரையும் அடக்கவில்லை. இதை அவரை மடக்குவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கும் அழ ஓர் இடம் வேண்டும். இப்போதைக்கு அந்த வசனத்துக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் கரையிலேயே இன்னொருவர் இருக்கிறார். ஓரியூரில் 1693 பிப்ரவரி 4 அன்று கொல்லப்பட்ட மிஷனரி அருளானந்தர். லிஸ்பனில் பிறந்தவர். சேது நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, 1680களின் கடைசியில் சொந்த ஊருக்கே திரும்பினார். அரச குடும்பத்தோடு வளர்ந்தவர். அங்கேயே இருந்துவிடச் சொன்னார்கள். ஆனால் அங்கேயும் தரையில் படுத்து, இங்கே பழகிய மரக்கறிச் சாப்பாட்டையே சாப்பிட்டார் என்று சொல்வார்கள். 1690இல் திரும்பி வந்துவிட்டார். பிறந்த ஊர் வேறு, வீடு வேறாகிப் போனவர்கள் உங்களுக்கு முன்பும் உண்டு.

நம்மிடம் ஒரு வழக்கம்: சாவு என்றால் துக்கம் கேட்க நாலு பேர் வருவார்கள். வீட்டை விட்டு வந்தால் யாரும் வருவதில்லை. அதிலும் 'வீட்டுக்கு வர்றீக' என்று சந்தோஷப்படுகிறவர்கள் நடுவே அழுதால், ஏதோ தப்புச் செய்வதுபோல் இருக்கும். ஊர் துக்கமாக ஒப்புக்கொள்ளாத இந்தத் துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற ஆய்வாளர் 1989இல் ஒரு நூலே கொண்டுவந்தார். உங்கள் அழுகைக்குக் காரணம் அந்த வாடகையில்லா வீடு மட்டுமல்ல. அந்த ஊர் உங்களைக் கூப்பிட்ட பெயரை இங்கே கூப்பிட ஆளில்லை.

மகள் சொன்னது அப்பட்டமான உண்மை. திருத்தாதீர்கள். 'பாட்டி இருக்கா, கடல் இருக்கு' என்று ஆசை காட்டாதீர்கள். 'ஆமாம், நீ ஊரை விட்டுத்தான் வர்றே' என்று ஒருமுறை சொல்லுங்கள், போதும். 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் ஹில் யூசீம், இப்படி வளர்கிறவர்களை 'மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்' என்றார். பெற்றோர் ஊரும் முழுசாக அவர்களுடையதல்ல, வளர்ந்த ஊரும் அல்ல. பெட்டியில் அவள் சாமானை அவளே அடுக்கட்டும். யாரிடம் எப்படி விடைபெறுவது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். வந்த முதல் ஞாயிறே மேடையேற்றி, 'மிஷனரி பிள்ளை, ஒரு சுவாஹிலிப் பாட்டு பாடும்மா' என்பார்கள் பாருங்கள், அதற்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். தமிழ் எழுத்து இரண்டு மாதம் கழித்து வரட்டும். உங்களுக்கும் அதேதான்: ஆறு மாதத்துக்குச் சபையில் எந்தப் பொறுப்பும் ஏற்க வேண்டாம்.

அந்தச் செங்கல் விஷயம் மனசு சம்பந்தப்பட்டதல்ல, கணக்கு சம்பந்தப்பட்டது. திரும்பி வந்தபின் எத்தனை மாதம் படி, மருத்துவச் செலவு யாருடையது, மகளின் படிப்புக்கு என்ன என்று கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஊழியத்தில் பணம் கேட்கக் கூச்சப்படுவார்கள். கரண்டியை எண்ணியவர்களுக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு எதற்கு?

வந்தபின் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் பிடிபடாமல் போனால், டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்தவர்கள் உங்கள் பக்கம் இன்னும் இருப்பார்கள். ஒரே ராத்திரி. எதற்கும், யாருக்கும் விடைசொல்ல அவகாசம் கிடைக்கவில்லை. உங்களுக்கு ஜூன் கடைசி வரை இருக்கிறது. கறிவேப்பிலையைப் பக்கத்து வீட்டு அக்கா பேருக்கு எழுதி வையுங்கள், அதாவது வாயால். எப்போது கிள்ளினால் தழைக்கும் என்று காட்டிக் கொடுங்கள்.

கிளம்புவதற்கு முன் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிவிடுங்கள். ஆமாம், கருவாட்டு வாடைக்குத்தான் அழுதேன் என்று. அப்படியே அந்த நெத்திலியில் நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து ஒரு கிலோ வாங்கி, இரண்டு கவர் போட்டு இறுக்கிக் கட்டி, அந்த அக்காவுக்கு எடுத்துப் போங்கள். டகா காயப்போடுகிறவருக்கு அது என்னவென்று விளக்க வேண்டியிருக்காது. வாளியைப் பற்றி அவரே பேச்செடுப்பார்.