பைனரி கோப்பு பாதியில் நிற்கிறதா? பழுது கோப்பில் இல்லை

கேள்வி: சரக்கிருப்புப் பதிவுகளை சி மொழியில் ஸ்ட்ரக்ட்டாக (ஒரு பதிவின் பல விவரங்களை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் அமைப்பாக) வைத்து, எஃப்ரைட் மூலம் எழுதி எஃப்ரீட் மூலம் வாசிக்கிறேன். விண்டோஸில் சில பதிவுகளோடு வாசிப்பு நின்றுவிடுகிறது. அதே நிரலை லினக்ஸில் ஓட்டினால் எல்லாம் வருகின்றன; ஆனால் கடைசிப் பதிவு இரண்டு முறை வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா? பழுதுநீக்கும் மென்பொருள் வாங்க வேண்டுமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் ஸ்ட்ரக்ட்டின் அமைப்பு உங்கள் நிரலுக்கு மட்டுமே தெரியும். அதை அறியாத மென்பொருளால் உங்கள் பதிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று சொல்ல முடியாது. ஆனாலும் எல்லா வகைக் கோப்பையும் மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பனில், எழுத வெறும் டபிள்யூ, வாசிக்க வெறும் ஆர் என்று கொடுத்திருப்பீர்கள். அப்படித் திறந்தால் விண்டோஸ் அதை உரைக்கோப்பாகவே நடத்தும்: எழுதும்போது, புதிய வரியைக் குறிக்கும் 10 என்ற ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் 13 என்ற பைட்டைச் செருகும், வாசிக்கும்போது 26 என்ற பைட் எதிர்ப்பட்டால் கோப்பு முடிந்துவிட்டதாக எண்ணி நின்றுவிடும். இருப்பு 26 அல்லது 282 என்று பதிவான பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு எண்களிலும் 26 என்ற பைட் உண்டு. திறக்கும் முறையுடன், பைனரியைக் (பைட்டுகளை மாற்றாமல் அப்படியே கையாள்வதைக்) குறிக்கும் பி என்ற எழுத்தை எழுதும்போதும் வாசிக்கும்போதும் சேர்த்துவிட்டால் இந்தத் தலையீடு இராது.

லினக்ஸிலோ அந்த எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறுபாடில்லை. அங்கே உரைக்கும் பைனரிக்கும் ஒரே நடைமுறைதான் என்பதால், பி இல்லாத நிரல் பல ஆண்டுகள்கூடச் சரியாக ஓடும். அங்கே ஓடுகிறது என்பதை நிரல் சரி என்பதற்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. லினக்ஸில் மட்டுமே ஓட்டப்போகிறீர்கள் என்றாலும் அந்த எழுத்தைச் சேர்த்தே எழுதுங்கள்.

கடைசிப் பதிவு இரட்டிப்பதற்குக் காரணம் வேறு. கோப்பு முடிந்ததா என்று சொல்லும் எஃப்இஓஎஃப் சார்பு ஆம் என்னும் வரை சுற்று ஓட வேண்டும் என்று எழுதியிருப்பீர்கள். அந்தச் சார்பு முடிவை முன்கூட்டிச் சொல்லாது. ஒரு வாசிப்பு முடிவில் முட்டி நின்ற பிறகுதான் ஆம் என்னும். அந்த வெற்று வாசிப்புக்குப் பின் ஸ்ட்ரக்ட்டில் பழைய பதிவே கிடப்பதால் அது மறுபடி அச்சாகிறது. எஃப்ரீட் திருப்பித்தரும் எண்ணிக்கை 1 ஆக இருக்கும்வரை மட்டும் சுற்றை ஓடவிடுங்கள். இந்தத் தவறான சுற்றைப் பயிற்சிக் குறிப்புகள் இன்னமும் அச்சிட்டு விநியோகிப்பதும், மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறுவதும் பொறுத்துக்கொள்ளக் கூடியவை அல்ல.

விண்டோஸில் ஏற்கெனவே எழுதிய கோப்பையும் மீட்கலாம். முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். நகலைப் பி சேர்த்துத் திறந்து, பைட் பைட்டாக வாசித்து, ஒவ்வொரு 10க்கும் நேர்முன்னே உள்ள ஒரே ஒரு 13ஐ மட்டும் நீக்கி, புதிய கோப்பில், அதையும் பி சேர்த்தே திறந்து, எழுதுங்கள். வாசித்த பைட்டை இன்ட் (முழு எண்) வகை மாறியில் வையுங்கள். ஒரே பைட் அளவுள்ள சார் வகையில் வைத்தால் 255 என்ற பைட்டையே கோப்பின் முடிவு என்று நிரல் எண்ணிவிடக்கூடும். புதிய கோப்பின் அளவு ஸ்ட்ரக்ட்டின் அளவால் மீதியின்றி வகுபட வேண்டும்.