மாருதி ஆம்னி வேன் அடிக்கடி ஆஃப் ஆகிறதா? ராயபுரம் மெக்கானிக்கிடம் கேள்வி பதில்

கேள்வி (காசிமேடு): அண்ணே, கார்புரேட்டர் ஆம்னி. மீன் ஏற்றுகிற வண்டி. சிக்னலில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் ஆஃப் ஆகிவிடுகிறது. ரேஸ் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஓடுகிறது. பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றாதீர்கள் தம்பி. பம்ப் போயிருந்தால் ரேஸிலும் இழுக்காது. ஐடிலுக்கு, அதாவது ரேஸ் கொடுக்காமல் எஞ்சின் ஓடுவதற்கு, பெட்ரோல் தனிப் பாதையில் வருகிறது. அதில் ஒரு சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை), அதைத் திறந்து மூட ஒரு சொலினாய்டு (கரண்டில் இயங்கும் வால்வு). எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள், கார்புரேட்டர் பக்கம் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த ஒயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தால் சொலினாய்டு காலி. வராவிட்டால் ஃபியூஸ், கனெக்டர். மீன் தண்ணீர் சொட்டுகிற வண்டியில் கனெக்டர் பச்சை பூத்துக் கிடக்கும், கழற்றிச் சுரண்டுங்கள். 'டிக்' கேட்டும் நிற்கிறதென்றால் ஜெட்டில் அடைப்பு. காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகி அப்புறம் பெட்ரோல் குடிக்கும். அடுத்து வேக்கம் ஹோஸ்களில் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் ரப்பர் குழாய்கள்) வெடிப்பு இருக்கிறதா பாருங்கள்.

ஒன்று மட்டும்: கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சின் இருப்பது நீங்கள் உட்காரும் சீட்டுக்குக் கீழே.

கேள்வி (எர்ணாவூர்): கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால் சூடாகி நின்றுவிடுகிறது. அரை மணி கழித்துத்தான் ஸ்டார்ட் ஆகிறது.

பதில்: ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. நின்ற நிமிடமே பிளக்கில் கரண்ட் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயிலைச் சந்தேகப்படுங்கள். வந்தால் லைனில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். டேங்க் மூடியைத் திறக்கும்போது 'புஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

கேள்வி (கொளத்தூர்): எல்லாம் எத்தனால் பெட்ரோல் செய்கிற வேலை சார். நீங்கள் ஏன் அதைச் சொல்லவில்லை?

பதில்: சொல்கிறேன். இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸை அரிக்கும். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் கார்புரேட்டரில் கலவை கொஞ்சம் வறண்டும் போகும், அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஆனால் எல்லாம் அதுதான் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கொளத்தூர்: என் வண்டி 2016லிருந்தே இப்படித்தான் சார்!

பதில்: அப்போது இ20 ஏது ஐயா?

பெரம்பூர்: நான் பெட்ரோலில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) கலந்து ஊற்றுகிறேன், பிரச்சினையே இல்லை.

பதில்: புகை வருமே! பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், கரி அப்பியிருக்கும். ஹோஸையும் ஃபில்டரையும் மாற்ற ஆகும் காசை ஆயிலில் விடுகிறீர்கள்.

கொளத்தூர்: அப்போ எத்தனால் நல்லதா?

பதில்: நல்லது என்று எங்கே சொன்னேன்? ஹோஸை மாற்றுங்கள் என்கிறேன்.

கேள்வி (தண்டையார்பேட்டை): ஆம்னி ஆஃப் ஆகிறது. என்ன செய்யலாம்?

பதில்: சூட்டிலா, ஐடிலிலா? முதல் இரண்டு பதில்களைப் படியுங்கள்.

கேள்வி (வியாசர்பாடி): சுரங்கப்பாதைத் தண்ணீரில் நின்றுவிட்டது. செல்ஃப் அடிக்கலாமா?

பதில்: கூடாது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் கனெக்டிங் ராடு வளையும். தள்ளிக்கொண்டு போய்ப் பிளக்குகளைக் கழற்றுங்கள்.

கேள்வி (கொடுங்கையூர்): எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கிற) மாடல். நானும் பெட்ரோல் ஊற்றி...

பதில்: ஊற்றாதீர்கள் என்றேனே! அதில் கார்புரேட்டரே கிடையாது. த்ராட்டில் பாடியில் கரி, ஐடில் வால்வு, கிராங்க் சென்சார், இவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் போங்கள்.

கேள்வி (மணலி): சீட்டைத் தூக்காமல் கார்புரேட்டரைப் பார்க்க வழி உண்டா அண்ணே?

பதில்: இல்லை.