கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தால் வாடகையை யார் கட்டுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது: "கிறிஸ்தவர்கள் சொல்லும் மனரம்மியம் என்பது, இல்லாமையை வாய் திறக்காமல் சகித்துக்கொள்வதுதானா? கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று இருந்தால் வாடகையை யார் கட்டுவது?"

மனரம்மியம் என்றால் உள்ளதில் மனநிறைவோடு இருப்பது. என் கணவர் ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறார். நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். இரண்டு பிள்ளைகள், மாமியார், வாடகை வீடு. மாதம் 25ஆம் தேதிக்கு மேல் இதே கேள்வியை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன்.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த மாதம் வேலை செய்த நாட்களுக்கே சம்பளம் பாதிதான் வந்தது. கல்யாணங்கள் நின்றதால் எனக்கும் தையல் இல்லை. ஏப்ரலில் ரேஷன் கார்டுக்கு அரசு கொடுத்த 1,000 ரூபாயும், அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெயும் வந்தன. வீட்டில் ஐந்து வயிறு. எத்தனை நாளைக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை. தேவையைக் கர்த்தரிடம் மட்டும் சொல்வதுதான் விசுவாசம், மனுஷரிடம் சொன்னால் அது அவிசுவாசம் என்று நினைத்திருந்தேன். ஆயர் போன் செய்து விசாரித்தபோது, "கர்த்தர் கிருபையால நல்லா இருக்கோம் ஐயா" என்றேன். அன்று ராத்திரி பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டு நானும் அத்தையும் தண்ணீர் குடித்துப் படுத்தோம்.

ஏப்ரல் 12 ஈஸ்டர். கோயில் பூட்டியிருந்தது. போனில் ஆராதனை முடிந்ததும், அத்தை தனக்குப் பிடித்த பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னார். பிலிப்பியர் என்பது, அப்போஸ்தலன் பவுல் காவலில் இருந்தபோது பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதிய கடிதம், பைபிளில் இருக்கிறது. "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்" என்ற வசனம் அதில்தான் வருகிறது. நாள்காட்டியிலும் சுவரிலும் பார்த்துப் பழகிய வசனம். நான் அதோடு நிறுத்தப்போனேன். அத்தை மேலே வாசிக்கச் சொன்னார். அடுத்த சில வசனங்களில் பவுல் என்ன செய்கிறார் தெரியுமா? பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் கொடுத்தனுப்பிய உதவிக்கு நன்றி சொல்கிறார். என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்கிறார். முன்பு தெசலோனிக்கேயில் இருந்தபோதும் ஓரிரு தரம் அனுப்பினீர்களே என்று நினைவாய் எழுதுகிறார். மனரம்மியத்தைப் பற்றிப் பேசுகிற அந்த இடமே, காவலில் கிடந்தவர் உதவி வந்து சேர்ந்ததற்கு எழுதிய நன்றிதான்.

அத்தை கேட்டார்: "பவுலே வாங்கிக்கினாரே, உனுக்கு இன்னாமா வெக்கம்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் விசுவாசம் என்று பிடித்துக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு வீட்டு மானம்தான். இன்னொன்றும் அன்றுதான் கண்ணில் பட்டது. "கற்றுக்கொண்டேன்" என்றுதான் பவுல் எழுதுகிறார். அவருக்கே அது பிறவியில் வந்த குணமல்ல என்றால், நான் ஒரே வாரத்தில் தேறவில்லை என்று என்னை நொந்துகொள்ள என்ன இருக்கிறது?

மறுநாள் சபையில் பெண்கள் சங்கத்து அக்காவுக்குப் போன் செய்தேன். அடுத்த நாள் காலையில் அரிசி வந்தது. அது பிடி அரிசி. எங்கள் சபையில் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஜெபித்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுவோம். மாதக் கடைசியில் அதைக் கோயிலில் கொட்டுவோம். ஊரடங்குக்கு முன் சேர்ந்திருந்ததிலிருந்து எங்களுக்கு அளந்து கொடுத்தார்கள். பொன்னியும் ரேஷன் அரிசியும் இட்லி அரிசியும் கலந்து கிடந்தன. வடித்தால் ஒன்று குழையும், ஒன்று விறைக்கும். எத்தனை வீட்டுப் பானையில் இருந்து வந்ததோ! அதில் நான் போட்ட பிடியும் இருந்திருக்கும். எங்கள் படியில் அளந்து பார்த்தேன், ஆறு படி. பைபிளில் நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தில் ஒரு ஜெபம் உண்டு: "தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக." அதை அடுத்து, "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று வரும். அன்று அந்தப் படியைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன்.

அந்த அரிசி தீர்கிற நேரத்தில் ரம்ஜான் நோன்பு தொடங்கியது. எதிர் வீட்டு பாயம்மா, நாங்கள் கேட்காமலே, தினமும் சாயங்காலம் ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். அதுவும் கர்த்தர் அளந்த படிதான். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

சின்ன வயதில் கோடையில் பாலாற்று மணலில் ஊற்று தோண்டியிருக்கிறேன். கொட்டாங்குச்சியால் அவசரமாக மொண்டால் தண்ணீர் கலங்கிவிடும். கொஞ்சம் பொறுத்தால் தெளிந்து ஊறும். வெயில் ஏற ஏற அங்கேயே குந்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று கர்த்தருடைய ஜெபத்தில் சொல்லும்போதெல்லாம் அந்த ஊற்றுதான் எனக்கு நினைவுக்கு வரும். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் வானத்திலிருந்து கொடுத்த மன்னா என்ற ஆகாரமும் அப்படித்தானே, ஒரு நாளைக்குத் தலைக்கு ஒரு ஓமர் என்ற அளவுதான். மறுநாளைக்கு என்று பதுக்கியது பூச்சி பிடித்தது.

சரி, இந்த மனநிறைவைத் தவறான இடத்தில் எடுத்து நீட்டுகிறவர்களும் உண்டு. பாக்கிச் சம்பளத்துக்காக என் கணவரும் கூட வேலை செய்தவர்களும் மனு எழுதியபோது, சபையிலேயே ஒருவர், "உள்ளது போதும் என்று இருக்கக் கூடாதா" என்றார். அந்தப் பேச்சு எனக்கு இன்றும் வலிக்கிறது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று பைபிளில் யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. போதும் என்ற மனதை என் ஆசையைப் பார்த்துத்தான் நான் கேட்டுக்கொள்ள வேண்டும். உழைத்தவன் கூலி கேட்கும்போது அவன் வாயை அடைக்க அந்த வசனத்தை எடுக்கவே கூடாது. பாக்கி ஆடி மாதத்தில் இரண்டு தவணையாக வந்தது.

அப்புறம், வாடகை. ஹவுஸ் ஓனரிடம் நேரில் போய் உள்ளதைச் சொன்னோம். போவதற்கு முன் ஜெபம் செய்தோம். போகும்போது கால் நடுங்கியது. இரண்டு மாத வாடகை 7,000 ரூபாயைப் பிறகு மாதம் ஆயிரமாகச் சேர்த்துக் கொடுக்கச் சம்மதித்தார். 2021 ஜனவரியில்தான் அடைத்து முடித்தோம்.

உங்களுக்கு இந்த மாதம் எது இடிக்கிறது என்று தெரியவில்லை. கர்த்தரிடம் சொல்லுங்கள், சபையில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். ராணிப்பேட்டை பக்கம் இருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். டப்பாவில் அரிசி இருக்கிறது.