அமெரிக்க விமானிகளின் ஏ-2 தோல் ஜாக்கெட்: போர்க்கால அசலை வாங்கலாமா, இன்றைய நகலே போதுமா?

போட்டுக்கொள்ள என்றால் நகல். பீரோவில் வைத்து அழகு பார்க்க என்றால் அசல். இது காசைத் தொலைத்துத் தெரிந்துகொண்டது.

‘இரண்டாம் உலகப்போர் மாதிரி’ என்று ஒரு கடையில் தொங்கியதை வாங்கிப் பெருமையாகத் திரிந்தேன். ஒருநாள் குளிருக்குப் பக்கவாட்டுப் பையில் கை விட்டு நின்றேன். ஜாக்கெட் சேகரிக்கும் நண்பர் சிரித்துவிட்டார்: “ஏ-2ல ஏதுங்க கை விடுற பை?”

1931ல் ராணுவம் ஏற்ற வடிவத்தில் முன்னால் மூடி வைத்த இரண்டு ஒட்டுப்பைகள் மட்டுமே. சிப்பாய் பையில் கை விட்டு நிற்பது ஒழுங்கீனம் என்று நினைத்த காலம். முதுகும் ஒரே துண்டுத் தோல். என்னுடையதில் முதுகின் குறுக்கே தையல் ஓடியது! (1988ல் விமானப்படை ஏ-2வை ஆட்டுத்தோலில் திரும்பக் கொண்டுவந்தது, பிற்பாடு அதற்குப் பக்கப்பையும் வந்தது. ஆக, பை இருந்தாலே போலி என்றில்லை. போர்க்கால வடிவம் இல்லை, அவ்வளவுதான்.)

அசலிலும் ‘ஒரே ஏ-2’ கிடையாது. ரஃப் வேர், டுபோ, ஏரோ லெதர், பெர்ரி எனப் பல கம்பெனிகள் ஒப்பந்தம் எடுத்துத் தைத்தன. காலரின் வெட்டும் பைமூடியின் வளைவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இங்கிலாந்தின் ஈஸ்ட்மன், ஜப்பானின் ரியல் மெக்காய்ஸ், பஸ் ரிக்சன்ஸ் போன்ற நகல் தயாரிப்பாளர்கள் இன்ன கம்பெனியின் இன்ன ஒப்பந்தம் என்று குறிப்பிட்டு அந்த வெட்டையே பிடிக்கிறார்கள். விலை ஆயிரம் டாலரைச் சாதாரணமாகத் தாண்டும். என் கணக்கில் அது தோலுக்குக் கொடுக்கும் விலை மட்டுமல்ல, அந்தப் பிடிவாதத்துக்கும்தான்.

போர்க்கால அசல் எதுவானாலும் இன்று 80 வயதாவது இருக்கும். பெரும்பாலும் குதிரைத்தோல், அன்றைய அமெரிக்காவில் தாராளமாகக் கிடைத்தது. தோல் தாக்குப்பிடித்திருந்தாலும் நூல் இற்றிருக்கும், மணிக்கட்டுப் பின்னலைப் பூச்சி அரித்திருக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினால் அக்குள் தையல் விட்டுவிடும். முதுகில் விமானி வரைந்துகொண்ட ஓவியம் இருந்தால் அதைப் போடவே போடாதீர்கள். மடிப்பு மடிப்பாகப் பெயின்ட் உதிரும்.

அளவு விஷயத்தில் ஒன்று. சரியான ஏ-2 இடுப்போடு நின்றுவிடும். அக்காலப் பேன்ட் தொப்புள்வரை ஏறும், அதனால் பொருந்தியது. இன்றைய பேன்ட்டோடு போட்டால் நடுவில் சட்டை எட்டிப் பார்க்கும். ‘சின்னதாக இருக்கிறதே’ என்று பெரிய சைஸுக்குப் போனால் தோள் தொங்கும். நான் தோளுக்குச் சரியான நகலாகப் பார்த்து வாங்கிவிட்டு, பேன்ட்டை மாற்றிக்கொண்டேன்.