விந்து வெள்ளையாக இருந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் பொரிப்பகத்தில் சாதாக் கெண்டைக்கு ஹார்மோன் ஊசி போட்டு, கையால் பிதுக்கிக் கருவூட்டுகிறோம். ஆண் மீன்களின் விந்து பால் போலக் கெட்டியாகவே வருகிறது. ஆனாலும் இம்முறை பாதி முட்டைகள் மறுநாளே வெளுத்துச் செத்துவிட்டன. விந்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது விந்தணுக்கள் அசையவே இல்லை. இந்த ஆண் மீன்களைக் கழித்துவிடலாமா?
– பண்ணையாளர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அவசரப்பட்டுக் கழித்துவிடாதீர்கள். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் நல்ல விந்தாகவே இருக்கும். நன்னீர் மீனின் விந்தணு உடலுக்குள் இருக்கும்வரை அசையாது. விந்துத் திரவத்தின் உப்படர்த்தி அதை அடக்கி வைத்திருக்கிறது. வெளியே வந்து நீர் பட்டதும் அந்த அடர்த்தி சட்டென்று குறைவதால்தான் வால் துடிக்கத் தொடங்குகிறது. அதன்பின் கெண்டையின் விந்தணு வேகமாக நீந்துவது அரை நிமிட அளவுக்குத்தான். ஒன்றிரண்டு நிமிடங்களில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். முட்டையில் விந்தணு நுழையும் துளை ஒன்றே ஒன்று. நீர் பட்ட சுமார் ஒரு நிமிடத்தில் அதுவும் அடைபட்டுவிடும். ஆகவே நீங்கள் அளக்க வேண்டியது அந்த முதல் அரை நிமிடத்தை.

பரிசோதனையை இப்படிச் செய்து பாருங்கள். உலர்ந்த கண்ணாடித் தகட்டில் ஊசிமுனை அளவு விந்தைத் தொட்டு வைத்து, முதலில் அதன்மேல் நுண்ணோக்கியைக் குவித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணை எடுக்காமலேயே, பொரிப்பகத்தில் பயன்படுத்தும் அதே நீரில் ஒரு பெரிய துளியை உதவியாளரை விடச் சொல்லுங்கள். நல்ல விந்தானால், உலை கொதிப்பது போல, பார்வையில் படும் இடம் முழுவதும் ஒரே நேரத்தில் துள்ளும். சற்று நேரத்தில் துள்ளல் தணிந்து, விந்தணுக்கள் முன்னேறாமல் நின்ற இடத்திலேயே நடுங்கும். அந்த நடுக்கத்தை அசைவாகக் கணக்கிடக் கூடாது. பத்தாவது நொடியில் நூற்றுக்கு எத்தனை முன்னோக்கி நீந்துகின்றன என்பதையும், நீச்சல் எத்தனை நொடியில் நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதில் பலரும் செய்யும் தவறு, விந்தை அதிகமாக எடுத்துவிடுவது. ஒரு மில்லிலிட்டர் கெண்டை விந்தில் ஆயிரம் கோடி என்ற அளவில் விந்தணுக்கள் இருப்பதால், நீர் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எட்டாது. சில முன்னே, சில பின்னே விழிக்க, விந்து நெடுநேரம் நீந்துவது போன்ற பொய்த்தோற்றம் கிடைக்கும். நம்பகமான எண்ணிக்கை வேண்டுமென்றால், லிட்டருக்கு 9 கிராம் சமையல் உப்புக் கரைத்த நீரில் 1 பங்கு விந்துக்கு 50 பங்கு வீதம் முதலில் கலந்து, பிறகு அதிலிருந்து 1 பங்கை 20 பங்கு நன்னீரில் சேர்த்துப் பாருங்கள். அணுக்கள் கண்ணாடியில் ஒட்டினால், ஆய்வகங்களில் செய்வது போல நீரில் சிறிதளவு ஆல்புமின் என்ற புரதத்தைச் சேருங்கள்.

வெண்மையும் கெட்டித்தன்மையும் எண்ணிக்கையை ஓரளவு காட்டுமே ஒழிய, அணுவுக்கு உயிர்ப்பு இருக்கிறதா என்பதைச் சொல்லாது. உங்கள் இழப்புக்குக் காரணம் சிறுநீர் கலப்பாகவும் இருக்கலாம் என்று ஐயுறுகிறேன். வயிற்றை அழுத்தும்போது சில துளிச் சிறுநீர் சேர்ந்தாலே விந்தணு விழித்து, முட்டையைச் சேரும் முன்பே ஓய்ந்துவிடும். மீனைத் துணியால் நன்கு ஒற்றி, முதல் துளிகளை விட்டுவிட்டு, உலர்ந்த சிரிஞ்சில் விந்தை உறிஞ்சி எடுங்கள். தெளிவாக, நீர்த்து வரும் பகுதியைச் சேர்க்க வேண்டாம்.

பெண் மீனின் பக்கமும் குறை இருக்கலாம். ஒரே ஆணின் விந்தை இரண்டு பெண் மீன்களின் முட்டைகளில் நூறு நூறாகத் தனித்தனிக் கிண்ணங்களில் கலந்து பாருங்கள். ஒரு கிண்ணம் மட்டும் வெளுத்தால் ஆண் மீது பழியில்லை. பிதுக்குவதில் தாமதமாகி முட்டை முற்றிப்போனதா என்று பாருங்கள்.

கேள்வி: கணினி வழி விந்தணு ஆய்வுக் கருவி வாங்கினால் பயன் உண்டா?
– வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: விந்தை உறையவைத்துச் சேமிக்கும் ஆய்வகத்துக்கு அது இன்றியமையாதது. ஒவ்வொரு அணுவும் வளைந்து நெளிந்து சென்ற பாதையின் வேகத்தையும், நேர்கோட்டில் கடந்த வேகத்தையும் தனித்தனியே அது தரும்; இதைக் கண்ணால் அளக்க இயலாது. குஞ்சு உற்பத்தி மட்டுமே செய்யும் பொரிப்பகத்துக்கு, நுண்ணோக்கியின் கண்வில்லையில் கைபேசியைப் பொருத்திக் காணொளி எடுத்தாலே போதும் என்பது என் கருத்து. எல்லா ஆண்களையும் ஒரே நபர், எந்த மீன் என்று அறியாமல் மதிப்பிட வேண்டும். வெப்பம் கூடினால் நீச்சல் விரைந்து சீக்கிரம் முடியும். எனவே நீரின் வெப்பநிலையையும் எழுதி வையுங்கள்.

கேள்வி: கொடுவா மீனுக்கும் இதே முறைதானா?
– மாணவர், நாகப்பட்டினம்

பதில்: படிகள் இவையே, நீர்தான் வேறு. கடல்நீரில் முட்டையிடும் கொடுவாவின் விந்தணு, விந்துத் திரவத்தைவிட உப்பு மிகுந்த நீரைத் தொட்டதும் விழிக்கும். நன்னீர்த் துளியில் பார்த்து, அசையவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.