சொட்டு பிரியும் இடம் – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சித்தப்பா தன் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவைக் கொடுத்தார். அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் மட்டும்தான் இருக்கிறது. நீர்த்துளி விழுந்து கிரீடம் போலத் தெறிக்கும் படங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, மூன்று ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் உட்கார்ந்தேன். ஷட்டரை 1/4000 வைத்தால் படம் இருட்டு. ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, ஏற்றினால் முழுக்கப் புள்ளி. எப்போது அழுத்தினாலும் எல்லாம் முடிந்த பிறகுதான் பதிகிறது. சின்னப் பொருளை மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்சும், சொட்டைக் கண்டுபிடித்துத் தானே படம் எடுக்கும் சென்சர் கருவியும் வாங்காமல் இது நடக்காதா? இதற்கு நடுவில் அம்மா, "தண்ணியைக் கொட்டி விளையாடறியா?" என்று திட்டுகிறார்.

வாசகர், குடியாத்தம்

அன்புள்ள தம்பி,

இரண்டையும் வாங்க வேண்டாம். உங்களுக்குத் தேவைப்படுவது மருந்துக்கடையில் கிடைக்கும்.

சில வருடங்களுக்கு முன் அப்பாவை வேலூரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். ஒரு வாரம் இரவில் நான்தான் துணைக்கு இருந்தேன். டிரிப்ஸ் ஏறிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழ வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போவார், நான் எண்ணிக்கொண்டு கிடப்பேன். மூன்றாம் நாள் இரவு ஒன்று புரிந்தது. சொட்டு விழுவதைப் பார்த்து எண்ண வேண்டியதே இல்லை. மேலே அது உப்பி, கழுத்து மெலிந்து, பிரியப் போகிறது என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அப்பா நல்லபடியாக வீடு திரும்பிய பிறகு, நான் போய்ப் புதிதாக ஒரு டிரிப் செட், அதாவது டிரிப்ஸ் ஏற்றும் அந்தக் குழாயை, வாங்கினேன். அதுவரை உங்களைப் போலவே நானும் குழாயடியில் தோற்றுக்கொண்டிருந்தவன்தான்.

குழாய்ச் சொட்டு நம் சொல் கேட்காது. டிரிப் செட்டில் குழாயை நெரிக்கும் சிறு உருளையை நகர்த்தி இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துவிடலாம். அந்த இடைவெளியில் கீழே தண்ணீர் அலை அடங்கிவிடும். ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு செட்டின் கூர் முனையைச் செருகுங்கள். பாட்டிலைக் கவிழ்த்து ஜன்னல் கம்பியில் கட்டி, காற்றுப் போக, இப்போது மேலே இருக்கும் அடிப்பாகத்தில் ஒரு குண்டூசித் துளை போடுங்கள். கீழ் முனையில் ஊசி வேண்டாம், வெறும் குழாய் போதும். பழைய செட்டை யாரிடமும் கேட்டு வாங்காதீர்கள், புதியது விலை குறைவுதான்.

இப்போது உங்கள் முக்கியமான சிக்கலுக்கு வருகிறேன். நீங்கள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு பட்டனை அழுத்துகிறீர்கள். கண் பார்த்து விரல் அசைய சுமார் 0.2 நொடி ஆகும். கேமரா தன் பங்குக்கு 0.1 நொடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் கிரீடம் எழுந்து அடங்கிவிடும். கண்ணை மேலே, குழாய் முனையில் வையுங்கள். சொட்டு பிரிந்த கணத்தில் அழுத்துங்கள். 40 செ.மீ. உயரத்திலிருந்து விழும் சொட்டு தண்ணீரைத் தொட ஏறக்குறைய 0.29 நொடி ஆகும். உங்கள் தாமதமும் கேமராவின் தாமதமும் அதிலேயே கழிந்துவிடும். படத்தில் எல்லாம் முடிந்திருக்கிறதா? குழாய் முனையை நாலு விரல் உயர்த்துங்கள். சொட்டு இன்னும் அந்தரத்தில் நிற்கிறதா? இறக்குங்கள். சென்சர் கருவி செய்யும் வேலையை இந்த உயரம் செய்துவிடும். ஐம்பது படம் எடுத்தால் ஐந்தாறு தேறும். தேறிய படங்களைத் திரையில் பார்த்த அன்று நான் இரவு முழுக்கத் தூங்கவில்லை.

அடுத்தது வெளிச்சம். அந்த உயரத்திலிருந்து விழும் சொட்டு தண்ணீரைத் தொடும்போது நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/4000 நொடியில் 0.7 மி.மீ. நகர்ந்துவிடும். சொட்டே நாலைந்து மி.மீ.தான் என்பதால், அருகில் எடுத்த படத்தில் அந்த இழுவை நன்றாகவே தெரியும். இங்கே அசைவை உறையவைப்பது ஷட்டர் இல்லை, ஃபிளாஷ். தனி ஃபிளாஷை மேனுவலில் முழுப் பலத்தில் 1/32 பங்குக்குக் குறைத்தால் அது ஏறக்குறைய 1/10000 நொடிதான் எரியும். பலத்தைக் குறைக்கக் குறைக்க மின்னும் நேரமும் சுருங்கும். அறையில் விளக்கை மங்கலாக்குங்கள். ஷட்டர் 1/200 போதும், அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 11, ஐஎஸ்ஓ 400. செகண்ட் ஹேண்டில் ஒரு சாதாரண மேனுவல் ஃபிளாஷும், அதைக் கேமராவிலிருந்து தள்ளி வைக்க ஒரு டிரிக்கரும் கிடைத்தால் வாங்குங்கள். செலவு செய்வதாக இருந்தால் இதற்கு மட்டும் செய்யுங்கள்.

அதுவரைக்கும் நம் ஊர் வெயில் இருக்கிறது. மொட்டை மாடியில் உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/3200 வைத்தால் வெளிச்சம் சரியாக இருக்கும். உங்கள் லென்ஸ் 55 மி.மீ.இல் எஃப் 5.6 வரை திறக்கும். சொட்டில் லேசாக இழுவை இருக்கும்தான். ஆனால் கிரீடம் அடங்கிய பிறகு நடுவிலிருந்து ஒரு தண்ணீர்த் தூண் எழுகிறதே, அது உச்சிக்குப் போய் ஒரு கணம் நிற்கும். அந்தக் கணத்தை வெயிலிலேயே பிடிக்கலாம்.

அந்தத் தூணுக்கு வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். 1870களிலேயே இருட்டறையில் மின்பொறி வெளிச்சத்தில் தெறிப்பைப் பார்த்து, பார்த்ததைக் கையால் வரைந்தவர் அவர். எல்லாப் பக்கமும் ஒரே அளவாக, அழகாக வரைந்தார். 1894இல் புகைப்படம் எடுக்க முடிந்தபோது, தெறிப்புகள் அப்படி ஒழுங்காக இல்லை என்று தெரியவந்தது. கண் தானே ஒழுங்கைச் சேர்த்துக்கொண்டிருந்தது. அதனால் ஒரு பக்கம் சரிந்த கிரீடத்தை உடனே அழித்துவிடாதீர்கள்.

ஃபோகஸை மேனுவலில் வையுங்கள். பாத்திரத்தின் மேல் குறுக்கே ஒரு ஸ்கேலை வைத்து, சொட்டு அதில் எங்கே விழுகிறதோ அங்கே ஃபோகஸ் செய்துவிட்டு ஸ்கேலை எடுத்துவிடுங்கள். ஃபேன் ஓடக் கூடாது, காற்றில் சொட்டு இடம் மாறும். பாத்திரத்துக்கு பிரியாணி பார்சல் வரும் கறுப்பு பிளாஸ்டிக் டப்பா அருமையாகப் பொருந்தும். எவர்சில்வர் வேண்டாம், பளபளப்பு படத்தைக் கெடுக்கும். விளிம்பு தெரியாதபடி தளும்பத் தளும்ப நிரப்புங்கள். ஆழமாக இருந்தால் தூண் நன்றாக எழும். கிரீடம்தான் வேண்டும் என்றால், தட்டில் மெல்லிய படலமாகப் பால் ஊற்றி அதில் சொட்டை விழ விடுங்கள். ஹரால்ட் எட்ஜர்டன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1957இல் எடுத்த புகழ்பெற்ற படமும் பால் துளிதான்.

பின்னணிக்கு நீங்கள் எங்கேயும் அலைய வேண்டாம். உங்கள் ஊர் லுங்கி ஒன்றை, பெரிய கட்டம் போட்டதாக எடுத்து, டப்பாவுக்குப் பின்னால் இரண்டு சாண் தள்ளித் தொங்கவிட்டு, ஃபிளாஷை அதன் மேல் திருப்புங்கள். துளி ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்யும். பின்னால் துணி மங்கலாக இருக்க, துளிக்குள் அந்தக் கட்டங்கள் தலைகீழாக, குட்டியாக, தெளிவாகத் தெரியும். மாவு மில்லுக்குப் போகும் பை முதல் மூக்குப்பொடி டப்பா வரை பலதும் வைத்துப் பார்த்துவிட்டேன், லுங்கிக்கு ஈடாக எதுவும் இல்லை.

அம்மா சொல்வது நியாயம்தான். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடம் நிரப்பிய வீட்டில் வளர்ந்தவன் நான், அந்தக் கோபம் எனக்குத் தெரியும். அவரிடம் கணக்கைச் சொல்லுங்கள். சாதாரண டிரிப் செட்டில் 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. நிமிடத்துக்கு 30 சொட்டு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 90 மி.லி., அரை டம்ளர். வழிவதைப் பிடிக்க டப்பாவுக்கு அடியில் ஒரு தாம்பாளம் வைத்துவிட்டால், அதைத் திரும்ப பாட்டிலிலேயே ஊற்றிக்கொள்ளலாம். குழாயை விட்டுவிட்டு இப்படி எடுக்கிறீர்கள் என்று தெரிந்தால் அவரே வந்து பாட்டிலைப் பிடித்துக்கொள்வார்.

எழும் தூணின் தலையில் இரண்டாவது சொட்டு மோதி குடையாக விரிவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. எப்படியும் ஒரு மாதத்தில் கேட்பீர்கள். அதற்குச் சொட்டுகளின் இடைவெளி ஏறக்குறைய நொடியில் பத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும். சொட்டுகளைக் கணக்காக விடும் மின்வால்வு இல்லாமல் அது அதிர்ஷ்டத்தில் அமைவதுதான். முதலில் ஒரு சொட்டு கைக்கு வரட்டும். எடுத்த படங்களை அனுப்புங்கள், குழாய் முனை எத்தனை செ.மீ. உயரத்தில் இருந்தது என்பதையும் ஒவ்வொன்றிலும் குறித்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்